வசைச்சொல்லும் வாய்மொழியும்: கறுப்பின மக்களின் கவிதை, கதை அனுபவமும் வன்னிவாழ் மலையகத் தமிழரும்

தோற்றுவாய்

ஒரு மக்கட் கூட்டத்தினர் பிறப்பின் பெயரால் இழிவுபடுத்தப்பட்ட வரலாற்றை அறிவதற்குச் சட்டங்கள், குடித்தொகைக் கணக்குகள், ஆணைக்குழு அறிக்கைகள் முதலியன துணைபுரிகின்றன. எத்தனை பேருக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது, எவருக்கு எத்துணை நிலம் வழங்கப்பட்டது என்பனவற்றை அவை கூறும். ஆனால் இழிசொல்லால் விளிக்கப்பட்ட ஒருவரின் உள்ளத்தில் அக்கணத்தில் நிகழ்ந்தது யாது, அதனை அவர் எத்தனை ஆண்டுகள் சுமந்தார், தம் பிள்ளைக்கு அதனை எவ்வாறு விளக்கினார் என்பன அவ்வாவணங்களில் இடம்பெறுவதில்லை. அவ்விடத்தை நிரப்பி வந்தவை கவிதையும் கதையுமே. அமெரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் வாழ்ந்த கறுப்பின மக்களின் இலக்கியம் இதற்குத் தக்க சான்றாகும்.

அவ்விலக்கியம் ஈழத்துத் தமிழ் வாசகருக்குப் புதியதன்று. மொழிபெயர்ப்புகள் வாயிலாகவும் ஆங்கில மூலங்கள் வாயிலாகவும் அது எம்மை வந்தடைந்துள்ளது. இனவொடுக்குமுறைக்கு ஆளானோர் என்ற முறையில் நாம் அக்கவிதைகளை எமது குரலாகவே கொண்டு வாசித்தோம். அவ்வாசிப்புத் தவறானதன்று. ஆயினும் அது ஒரு பக்க வாசிப்பே. வசைச்சொல்லைக் கேட்டவரின் இடத்தில் எம்மை வைத்துப் பார்த்த நாம், அச்சொல்லைக் கூறியவரின் இடத்திலும் எம்மை வைத்துப் பார்த்ததுண்டா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. கிளிநொச்சி மாவட்டத்தின் உருத்திரபுரத்தையும் அதன் அயலையும் களமாகக் கொண்டு, வன்னியில் குடியேறிய மலையகத் தமிழரின் அனுபவத்தைக் கறுப்பின மக்களின் இலக்கிய அனுபவத்தோடு ஒப்பிட்டு நோக்குதல் இதன் நோக்கமாகும்.

ஒப்பீடு என்பது சமன்படுத்துதலன்று. பேராசிரியர் க. கைலாசபதி 1969இல் வெளியிட்ட 'ஒப்பியல் இலக்கியம்' என்னும் நூலுக்குப் பின், இரு சமுதாயங்களின் இலக்கியங்களை அவற்றின் வரலாற்றுச் சூழலோடு பொருத்திக் காணும் நோக்கு எம்மிடையே வலுப்பெற்றது. அந்நோக்கின்படி வேறுபாடுகளை முதலிலேயே கூறிவிடுதல் நன்று. அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் மனிதர் சொத்தாக வாங்கி விற்கப்பட்டனர். தோட்டத் தொழிலாளி சட்டப்படி எவருடைய சொத்துமல்லர். அங்கு நிறம் புறத்தே தெரியும் அடையாளம். வன்னியிலோ விளித்தவரும் விளிக்கப்பட்டவரும் ஒரே மொழியினர், பெரும்பாலும் ஒரே சமயத்தினர். இவ்வேறுபாடுகளுக்கு அப்பாலும், பிறப்பையும் தொழிலையும் ஒன்றாகக் கட்டி ஒருவரை என்றென்றைக்கும் தாழ்ந்தவராக நிறுத்தும் முறை இரு இடங்களிலும் உண்டு. எமது ஒப்பீடு அம்முறை பற்றியதேயாகும்.

உருத்திரபுரமும் அயலும்

இரணைமடுக் குளத்தின் கட்டுமானம் 1902இல் தொடங்கி 1920களின் தொடக்கத்தில் நிறைவுற்றது. அக்குளத்து நீரை நம்பியே கிளிநொச்சிப் பகுதியின் நெற்செய்கையும் குடியேற்றங்களும் வளர்ந்தன. பழைய சிவாலயத்தின் பெயரோடு தொடர்புடைய உருத்திரபுரமும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்வாறு விரிவுற்ற விவசாயக் குடியேற்றமே. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் காடழித்துக் கழனியாக்கி, பாம்புக்கும் மலேரியாக் காய்ச்சலுக்கும் ஈடுகொடுத்து இந்நிலத்தை உருவாக்கின. ஊரின் பகுதிகள் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என வாய்க்கால்களின் எண்களாலேயே இன்றும் அழைக்கப்படுகின்றன. இப்பெயர்கள் வெறும் முகவரிகள் அல்ல. வாய்க்காலின் பெயரால் அறியப்படும் இடத்தில் காணியுள்ளவருக்கு நீரில் பங்குண்டு என்பது அவற்றின் உட்பொருள்.

மலையகத் தமிழரின் வருகை வேறு வகையானது. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இவர்கள். முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதிக்கும் பசிக்கும் பலியானோர் அவ்வழியோரங்களிலேயே புதையுண்டனர். ஆகவே வன்னிப் பெருநிலத்தின் மேற்கு விளிம்பு இம்மக்களின் கால் பட்ட மண்ணாக ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆகிவிட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் இழக்கப்பட்டது. இச்சிக்கலில் வடபுலத் தமிழ்த் தலைமை ஒருமித்து நிற்கவில்லை. தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்தோர் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவியமைக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியர் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் தீர்மானிக்கலாம் என ஒதுக்கிவைத்தது. எஞ்சியோர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். மக்களை எண்களாக்கிப் பங்குபோட்ட இவ்வாவணங்களில் அம்மக்களின் விருப்பம் கேட்கப்பட்டமைக்குச் சான்றில்லை.

1958, 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் இனவன்செயல்களும், 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களில் நிலவிய பட்டினியும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளுக்குத் துரத்தின. 1976இல் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் சோ. இராஜசுந்தரம் ஆகியோர் தொடங்கிய காந்தியம் அமைப்பு போன்றவை அவர்களை வரவேற்றுக் குடியமர்த்தப் பாடுபட்டன. இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். வன்னி மண் இவர்களை ஏற்றுக்கொண்டது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அவர்கள் வந்து சேர்ந்தபோது வாய்க்கால் பாயும் நிலங்கள் பெரும்பாலும் பங்கிடப்பட்டு முடிந்திருந்தன. பாரதிபுரம், மலையாளபுரம், சாந்தபுரம் முதலிய இடங்களின் மேட்டுநிலங்களிலும் காட்டோரங்களிலும் குடிசையமைத்த அவர்களுட் பலர், முன்வந்தோரின் வயல்களில் நாட்கூலிகளாயினர். வன்செயலிலிருந்து தப்பி வந்தவர்க்கு உயிர்ப் பாதுகாப்பு இருந்தது, நீரில் பங்கில்லை. 2009 வரை நீடித்த போர் அனைவரையும் போல் இவர்களையும் இடம்பெயர்த்தது, கொன்றது, உறுப்பிழக்கச் செய்தது. இழப்பில் வேற்றுமை காட்டாத அப்போருக்குப் பின்னும், அன்றாட வழக்கில் வேற்றுமை முற்றாக நீங்கிற்று எனக் கூறுவதற்கில்லை.

விளியும் வினைமுற்றும்

இவ்வேற்றுமை முதன்முதலில் வெளிப்படுவது விளியிலேயாகும். 'தோட்டக்காட்டான்', 'வடக்கத்தியான்', 'கள்ளத்தோணி' என்னும் சொற்கள் வடபுலத்தில் இம்மக்களைச் சுட்ட வழங்கியவை. முதலாவது தொழிலிடத்தையும், இரண்டாவது பிறந்த திசையையும், மூன்றாவது வந்த வழியையும் குற்றமாக்குகின்றது. கப்பல், இரயில் முதலியவற்றில் பதிவோடு அழைத்து வரப்பட்டோரின் பிள்ளைகளைக் கள்ளத்தோணியில் வந்தவர் என்றல் வரலாற்றுப் பிழையுமாகும். அதே சொல் சிங்களப் பேச்சு வழக்கிலும் புகுந்து, பின்னர் யாழ்ப்பாணத்தவர் உட்படத் தமிழர் அனைவரையும் நோக்கி எறியப்பட்டது. நாம் பிறர்மீது வீசிய கல்லே எம்மீதும் வந்து வீழ்ந்தது எனல் பொருந்தும்.

வசைச்சொல்லினும் நுட்பமானது வினைமுற்று. ஈழத்து வடபுலத் தமிழில் முன்னிலை நீ, நீர், நீங்கள் என மூன்று நிலைகளில் அமையும். ஏவலும் வா, வாரும், வாருங்கோ என மூன்றாகும். ஒருவரின் வயதும் உறவும் மதிப்பும் இம்மூன்றுள் ஒன்றைத் தெரிவுசெய்யும்போதே அளவிடப்பட்டுவிடுகின்றன. அறுபது வயதுக் கூலியாளை இருபது வயது வயற்காரன் 'வா' என அழைக்கும்போது எந்த வசைச்சொல்லும் உச்சரிக்கப்படுவதில்லை. ஆயினும் சொல்ல வேண்டியது சொல்லப்பட்டு விடுகின்றது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் முதிய கறுப்பின ஆடவரையும் வெள்ளையர் 'பையா' என்றே அழைத்ததும், பெண்களுக்குரிய மரியாதை அடைகளைக் கறுப்பினப் பெண்களுக்கு மறுத்ததும் இதனோடு ஒப்பிடத்தக்கன. ஆங்கிலத்தில் அதற்குத் தனிச்சொல் வேண்டியிருந்தது. தமிழில் ஒரு விகுதியே போதுமானதாயிற்று.

இத்தகைய நுண்ணிய இழிவைப் பதிவுசெய்யும் ஆற்றல் எந்த அறிக்கைக்கும் இல்லை. 'பையா' என்று அழைக்கப்பட்டேன் என நீதிமன்றில் முறையிட இயலாது. 'வா' என்ற ஏவலுக்கு எதிராகக் காணிக் கந்தோரில் விண்ணப்பம் கொடுக்கவும் இயலாது. ஆகவேதான் இவ்வனுபவம் பாட்டிலும் கதையிலும் வந்து தங்குகின்றது.

கவிதை ஆற்றும் பணி

கறுப்பின மக்களின் கவிதை வரலாற்றின் தொடக்கமே ஒரு வழக்காடலை ஒத்தது. பில்லிஸ் வீட்லி என்ற பெண் 1761இல் சிறுமியாகப் பொஸ்ரனுக்குக் கொண்டுவரப்பட்டு விற்கப்பட்டார். அவரை ஏற்றிவந்த கப்பலின் பெயரே அவருக்கு இடப்பட்டது. 1773இல் இலண்டனில் அவருடைய கவிதைநூல் வெளியானபோது, அக்கவிதைகளை அவரே எழுதினார் எனப் பொஸ்ரன் பிரமுகர் பதினெண்மர் கையொப்பமிட்ட சான்றுரை அந்நூலில் அச்சிடப்பட வேண்டியிருந்தது. கவிதை எழுதுவதற்கு முன்னர், எழுதும் தகுதியுடைய மனிதர் என்பதை நிறுவ வேண்டிய நிலையே அங்கு இருந்தது.

எழுத்துக்கு முன்பும் பின்பும் பாட்டு இருந்தது. அடிமையாகப் பிறந்து தப்பியோடிய பிரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாற்றில், தோட்டங்களில் அடிமைகள் பாடுவதைக் கேட்டு அவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் எனக் கருதுவோரின் அறியாமையைக் கண்டு வியப்புறுகின்றார். அப்பாடல்கள் துயரத்தின் வெளிப்பாடுகள் என்பது அவர் வாதம். 1903இல் டபிள்யூ. ஈ. பி. டு பொய்ஸ் தமது நூலின் அதிகாரங்கள்தோறும் அப்பாடல்களின் இசைக்குறிப்புகளைத் தலைப்பில் வைத்து, அவற்றை ஒரு மக்களின் வரலாற்று ஆவணமாக உயர்த்தினார்.

டக்ளஸின் கூற்று எமக்கும் பொருந்தும். கொழுந்து பறிக்கும் பெண்களின் பாடல்களை மலைச்சாரலின் இனிய பின்னணியாகக் கேட்டவர் பலர். அப்பாடல்களின் பொருளை நோக்கினால் கங்காணியின் கொடுமை, தீராத கடன், கடன் தீர்ந்தாலன்றி வேறு தோட்டம் செல்லவொட்டாது தடுத்த 'துண்டு' முறை, நாட்சம்பளத்தைப் பாதியாக வெட்டும் 'அரைப்பேர்', கடல்கடந்து விட்டுவந்த ஊரின் நினைவு என்பனவே மிகுந்திருக்கக் காணலாம். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பாடல்களிலோ அது பின்னும் வாழ்ந்தது. தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராக 1947இல் நாடாளுமன்றம் சென்று, அடுத்த ஆண்டுகளின் சட்டங்களால் தம் மக்கள் வாக்கிழந்ததைக் கண்ட சி. வி. வேலுப்பிள்ளை, இவற்றைத் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என 1983இல் வெளியிட்டார். தேயிலைச் செடியின் அடியில் உரமாகிப்போன முன்னோருக்கு நினைவுக்கல்லும் இல்லை என்பதை அவர் ஆங்கிலத்தில் நெடுங்கவிதையாக ஆக்கினார். அதனைச் சக்தி அ. பாலையா தமிழில் தந்தார். அவருக்கு முன்பே மீனாட்சியம்மாள் தோட்டந்தோறும் சென்று, மக்கள் அறிந்த மெட்டுகளில் உரிமைப் பாடல்களைப் பாடினார் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

கவிதையின் தனித்தன்மை ஒரு கணத்தைப் பிடித்து நிறுத்துதலாகும். கௌண்டீ கலன் 1925இல் வெளியிட்ட தொகுதியில் மூன்று சிறு பத்திகளாலான ஒரு கவிதை உண்டு. எட்டு வயதுக் கறுப்பினச் சிறுவன் பால்டிமோர் நகருக்கு மகிழ்ச்சியோடு செல்கிறான். அங்கு அவனொத்த சிறுவன் ஒருவன் அவனை ஒரு சொல்லால் இழித்துரைக்கிறான். மாதக்கணக்கில் அந்நகரில் தங்கியிருந்தும் அவன் நினைவில் எஞ்சியது அவ்வொன்றே. நகரின் காட்சிகள் அனைத்தும் அழிந்து ஒரு சொல் மட்டும் எஞ்சுதல் என்னும் இவ்வமைப்பே கவிதையின் முழுப்பொருளாகும். இழித்தவனும் குழந்தையே என்பது கருதற்பாலது. குழந்தை அச்சொல்லைத் தானே உருவாக்கவில்லை, வீட்டில் கேட்டிருக்கிறது. வன்னிப் பாடசாலையொன்றின் முற்றத்தில் ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையைத் 'தோட்டக்காட்டான்' என்னும்போதும் அச்சொல் வந்த வழி அதுவே.

கதை ஆற்றும் பணி

கவிதை கணத்தைக் காட்டுமெனில், கதை அக்கணத்திற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றைக் கோவைப்படுத்துகின்றது. அச்சொல் எங்கிருந்து வந்தது, எவருக்குப் பயன்பட்டது, எவரை என்ன செய்தது என்பன கதையின் கேள்விகள். டக்ளஸின் தன்வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எழுத்துப் பயிற்றத் தொடங்கிய எசமானியைக் கணவன் தடுத்தமையே, கல்விக்கும் விடுதலைக்கும் உள்ள தொடர்பைத் தமக்கு உணர்த்தியது என அவர் விளக்குகின்றார்.

இருபதாம் நூற்றாண்டில் இக்கதைமரபு தன்னையே நோக்கித் திரும்பியது. ரொனி மொறிசன் 1970இல் வெளியிட்ட முதல் நாவலில், நீலநிறக் கண்கள் கிடைத்தால் எல்லாரும் தன்னை விரும்புவர் என நம்பி இறைவனை வேண்டும் கறுப்பினச் சிறுமி ஒருத்தி வருகிறாள். அவளை எள்ளுவோருள் அவளது இனத்தவரும் உளர். வெள்ளையரிடமிருந்து பெற்ற அளவுகோலைக் கறுப்பினத்தவர் தமக்குள் எளியவர்மீது பிரயோகிக்கும் கொடுமையை அந்நாவல் மறைக்கவில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் என்பதால் ஒருவர் பிறரை ஒடுக்கமாட்டார் என்ற எளிய நம்பிக்கையை அது தகர்த்தது. 1993இல் நோபல் பரிசு பெற்ற அவ்வெழுத்தின் வலிமை இத்தகைய அகநோக்கிலும் தங்கியுள்ளது.

ஈழத்துத் தமிழ்ப் புனைகதைக்கும் இவ்வகநோக்குப் புதியதன்று. டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்', கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) முதலியன யாழ்ப்பாணச் சாதியமைப்பை உள்ளிருந்தே தோலுரித்தன. மலையகத்தில் என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து', தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே' (1979) ஆகிய தொகுதிகள் தோட்ட வாழ்வை அதன் சொந்தச் சொற்களிலேயே பேசின. இலயத்தின் ஒற்றை அறையில் முழுக் குடும்பமும் உறங்க நேர்வதால் விளையும் மானக்கேட்டைச் சித்திரிக்கும் தெளிவத்தையின் 'மீன்கள்' என்ற சிறுகதை, வீடமைப்புப் பற்றிய எந்த அறிக்கையும் சொல்லாததைச் சொல்லுகின்றது. வன்னியில் நா. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973) முதல் தாமரைச்செல்வியின் 'பச்சை வயல் கனவு' வரை நிலத்தோடு போராடிய மக்களின் கதை வளமாக எழுதப்பட்டுள்ளது. ஆயினும் மலையகத்திலிருந்து வந்து வன்னியின் வரம்பில் நின்றவரின் பார்வையிலிருந்து வன்னியைக் காணும் எழுத்து இவற்றோடு ஒப்பிட அளவிற் சிறிதே. மலையக இலக்கியம் மலையில் நின்றுவிடுகிறது. வன்னி இலக்கியம் வாய்க்காலோடு நின்றுவிடுகிறது. இடைப்பட்ட மேட்டுநிலத்தின் கதை இன்னும் பெரும்பாலும் வாய்மொழியிலேயே உள்ளது.

மறைத்தல் என்னும் கதைப்பொருள்

அக்கதை எழுத்துக்கு வராமைக்கு ஒரு காரணம் மறைத்தலாகும். அமெரிக்காவில் வெளிறிய நிறமுடைய கறுப்பினத்தவர் சிலர் தம் பிறப்பை மறைத்து வெள்ளையராக வாழ்ந்தனர். ஜேம்ஸ் வெல்டன் ஜோன்சன் 1912இலும் நெல்லா லார்சன் 1929இலும் வெளியிட்ட நாவல்கள் இவ்வொளிவாழ்வைப் பொருளாகக் கொண்டவை. அதனால் கிடைக்கும் நன்மையும், அதற்குக் கொடுக்கும் விலையும் அவற்றில் ஒருங்கே எடைபோடப்படுகின்றன.

வன்னியில் இவ்வாறு மறைதல் மிக எளிது. நிறம் தடையில்லை, ஒரு தலைமுறையில் பேச்சும் மாறிவிடுகின்றது. பலர் தம்மை இலங்கைத் தமிழர் என்றே பதிந்துகொண்டனர். குடியுரிமைக்காகவும் காணிக்காகவும் அலைந்தோர் அவ்வாறு செய்தமையைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அவ்வீட்டின் உள்ளே நிகழ்வதைக் கதாசிரியன் சிந்தித்தல் வேண்டும். பாட்டியின் நாவில் தோட்டத்துத் தமிழ் அப்படியே இருக்கும். பெயர்த்தி உருத்திரபுரத்துப் பேச்சைப் பேசுவாள். பாடசாலைத் தோழியர் வீட்டுக்கு வரும் நாளில் பாட்டி பேசாதிருக்க வேண்டுமென அப்பிள்ளை விரும்பக்கூடும். பாட்டியும் காரணம் கேளாமலே குசினிப் பக்கம் ஒதுங்கக்கூடும். இங்கு எவரும் எவரையும் வைதாரில்லை. ஆயினும் ஒரு மூதாட்டியின் வாய் அடைக்கப்பட்டது. அவளோடு ஒரு பாடல் மரபும் அடைக்கப்பட்டது. பிறர் கண்ணால் தன்னைத் தானே நோக்கும் இவ்வீரடுக்கு உணர்வையே டு பொய்ஸ் கறுப்பின மக்களின் அடிப்படை அனுபவமாகக் கண்டார்.

பெயரை மீட்டெடுத்தல்

மறைத்தலுக்கு எதிரான வழியையும் கறுப்பின இலக்கியமே காட்டிற்று. பிரெஞ்சு மொழியில் இழிசொல்லாக வழங்கிய கறுப்பன் என்னும் சொல்லை எடுத்து, அதிலிருந்தே 'நெக்ரிற்யூட்' என்ற பெருமிதக் கோட்பாட்டை 1930களில் பாரிசில் பயின்ற எமே செசேர், செங்கோர், டமாஸ் ஆகியோர் வகுத்தனர். மார்ட்டினிக் தீவினரான செசேர் 1939இல் வெளியிட்ட நெடுங்கவிதை அச்சொல்லை இழிவிலிருந்து எழுந்து நிற்கச் செய்தது. இவ்வழியை மொரீசியசுக் கவிஞர் கால் தொராபுல்லி 1992இல் பின்பற்றி, 'கூலி' என்ற சொல்லிலிருந்து 'கூலிற்யூட்' என்பதை ஆக்கினார். அச்சொல் தமிழின் 'கூலி'யோடு தொடர்புபடுத்தப்படுவது. உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறித்த ஒரு சொல், கடல்கடந்து மனிதரையே குறிக்கும் வசையாகி, பின்னர் ஒரு கவிஞனால் மீட்கப்பட்ட வரலாறு தமிழராகிய எமக்குச் சிறப்பாக உரியது.

இலங்கையில் 'இந்தியக் கூலி' என்ற பெயருக்கு மாற்றாக எழுந்தது 'மலையகம்' என்னும் பெயர். 1960களில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்களும் அவர்களால் ஊக்கம்பெற்ற இளைஞரும் எழுத்தாளரும் இப்பெயரை இலக்கியத்தில் நிலைநாட்டினர். 2023இல் இருநூற்றாண்டு நினைவாக முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். பாடப்படாத மரணங்களின் பாதை அன்று நினைவுப் பாதையாயிற்று. ஆனால் மலையை விட்டு வந்து இரண்டு மூன்று தலைமுறைகளாகச் சமவெளியில் வாழும் வன்னி மக்களுக்கு 'மலையகத் தமிழர்' என்ற பெயர் பொருந்துமா, 'வன்னித் தமிழர்' என்பதே போதுமா என்பது அவர்களே தீர்மானிக்க வேண்டியது. பெயரிடும் உரிமையைப் பிறர் எடுத்துக்கொள்வதே இழிவின் தொடக்கம் என்பதைக் கப்பலின் பெயரைச் சுமந்த வீட்லியின் வாழ்வு உணர்த்துகின்றது.

தொகுக்க வேண்டிய கடன்

1936 முதல் 1938 வரை ஐக்கிய அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டத்தின்கீழ், அடிமைகளாக இருந்தோரின் வாய்மொழி வாக்குமூலங்கள் 2,300க்கு மேல் 17 மாநிலங்களில் தொகுக்கப்பட்டன. அடிமைமுறை 1865இல் ஒழிந்தமையால், கூறியவர் அனைவரும் எழுபது வயதைக் கடந்தோராகவே இருந்தனர். இன்னும் பத்தாண்டு தாமதித்திருப்பின் அத்தொகுதி இல்லை. எமது நிலையும் அதுவே. 1977இல் இருபது வயதில் கிளிநொச்சிக்கு வந்தவர் இன்று எழுபதை அணுகுகின்றார். 1958இல் வந்தோருள் நினைவோடு இருப்பவர் மிகச் சிலராகவே இருத்தல் கூடும்.

அவ்வமெரிக்க முயற்சியின் குறைபாடும் எமக்குப் பாடமாகும். கேட்டவருள் பெரும்பாலோர் வெள்ளையர். சில இடங்களில் அவர்கள் பழைய எசமானரின் சுற்றத்தவராகவும் இருந்தனர். ஆகவே முதியோர் பலர் உண்மையை அடக்கியே பேசினர் என ஆய்வாளர் கருதுவர். வயற்காரரின் மகன் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து, தன் தந்தையின் வயலில் கூலிசெய்யும் முதியவரை 'உங்களை எவராவது இழிவாக நடத்தினரா' என வினவினால் கிடைக்கும் விடையும் அத்தகையதே. இதற்கு மாறாக, தான் வளர்ந்த புளோரிடா ஊருக்கே திரும்பிச் சென்று, திண்ணைக் கதைகளை அவற்றின் பேச்சுமொழியிலேயே தொகுத்து 1935இல் நூலாக்கிய சோரா நீல் ஹேர்ஸ்டன் சரியான வழியைக் காட்டினார்.

இதனடிப்படையில் மூன்று செயல்களைப் பரிந்துரைக்கலாம். முதலாவது, இக்குடும்பங்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்துள்ள மாணவரே தம் பாட்டன் பாட்டியரின் பாடல்களையும் வருகைக் கதைகளையும் தொகுத்தல். தமிழ்ச் சங்கம் அவர்களுக்குத் துணைநிற்றல். இரண்டாவது, தொகுக்கும்போது யாழ்ப்பாண வழக்குக்கோ எழுத்து வழக்குக்கோ திருத்தாது, சொன்னவரின் சொல்லிலேயே பதிதல். மூன்றாவது, கூறியவர் விரும்பினாலன்றிப் பெயரையும் ஊரையும் வெளியிடாதிருத்தல். மறைத்து வாழ்வதற்கு அவருக்குள்ள உரிமையையும் மதித்தல்.

முடிவுரை

கறுப்பின மக்களின் கவிதையும் கதையும் இழிவின் வரலாற்றை அதற்கு உள்ளானவரின் நாவால் கூறின. கவிதை ஒரு சொல் தைத்த கணத்தைக் காத்து வைத்தது. கதை அச்சொல் புழங்கிய சமுதாயத்தைக் காட்டிற்று. அவ்விலக்கியம் தன் இனத்தின் உட்கொடுமைகளையும் பேசியது. அவ்வாறு பேசியமையால் அதன் உரிமைக் குரல் தளர்ந்துவிடவில்லை. பிறர் அதனை நம்புதற்கு அதுவே ஏதுவாயிற்று. ஈழத்துத் தமிழிலக்கியம் தன்மீது இழைக்கப்பட்ட கொடுமைகளை உலகறியச் செய்துள்ளது; சாதியத்தை எதிர்த்தும் எழுதியுள்ளது. வாய்க்காலுக்கும் மேட்டுநிலத்துக்கும் இடையேயுள்ள தூரத்தை எழுதுவது அதன் அடுத்த கடமையாகும்.

அதுவரை செய்யக்கூடிய சிறு செயல் ஒன்றுண்டு. வயலுக்கு வரும் முதியவரை 'வாருங்கோ' என அழைப்பதற்கு எந்தச் சட்டத்திருத்தமும் வேண்டியதில்லை.